டர்போ டீசல் லாரியில் பூஸ்ட் கேஜ் பொருத்துதல்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, டர்போவின் வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவு மீறாமல் எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் கதவு) குழாயில் ஒரு டி இணைப்பு போட்டு, அங்கிருந்தே பூஸ்ட் கேஜுக்கு, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டருக்கு, காற்று எடுத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் குழாயில் இருப்பது டர்போ வெளியே தள்ளும் காற்றின் அழுத்தம். சில வண்டிகளில் அதையும் ஒரு சோலனாய்டு வால்வு குறைத்தே அனுப்பும் என்பதால், முள் காட்டுவது எஞ்சினுக்குள் போகும் அழுத்தமாக இருக்காது. தவிரவும், நீங்கள் போட்ட இணைப்பில் கசிவு வந்தால் வேஸ்ட்கேட் திறக்கத் தாமதமாகி, பூஸ்ட் அளவு மீறி ஏறிவிடும். காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கடந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வந்துவிட்ட காற்றைத்தான் அளக்க வேண்டும். இன்டர்கூலரிலோ அதன் ஹோஸிலோ விரிசல் விழுந்தால், அதன் விளைவு முழுவதும் தெரிகிற இடம் அதுதான்.

கேள்வி: மேனிஃபோல்டில் துளை போட அதைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: முதலில் மேனிஃபோல்டைச் சுற்றிலும் தடவிப் பாருங்கள், பல எஞ்சின்களில் திருகு மூடி போட்ட துளை ஒன்று ஏற்கெனவே இருக்கும். அது இல்லையென்றால் கழற்றி வைத்துத் துளையிடுவதே என் பரிந்துரை. டிரில் பிட்டின் வரிப்பள்ளங்களில் கிரீஸை அப்பிக்கொண்டு, கொஞ்சம் துளைப்பதும் வெளியே எடுத்துத் துடைப்பதுமாக, வண்டியில் இருந்தபடியே முடிப்பவர்கள் உண்டு. அலுமினியத் துகள்களில் பெரும்பகுதி கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒட்டாத ஒரு சுருள் நேரே சிலிண்டருக்குள் போகும் என்பதால், அரை நாள் வேலையை மிச்சப்படுத்த நான் அந்தத் துணிச்சலைக் காட்டமாட்டேன். கேஜுடன் பெரும்பாலும் வருவது 1/8 அங்குலக் குழாய் மரை, அதற்கு 8.5 மி.மீ. துளை போதும். இது கூம்பு மரை என்பதை மறந்து, மரை வெட்டும் டேப்பை அடிவரை இறக்கிவிட்டால் துளை அகன்று, ஃபிட்டிங் எவ்வளவு முறுக்கினாலும் இறுகாது. ஆகவே சில சுற்றுக்கு ஒருமுறை டேப்பை எடுத்துவிட்டு, ஃபிட்டிங்கைக் கையால் திருகிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழாய் வைத்த கேஜா, சென்சார் வைத்த மின் கேஜா?

பதில்: குழாய் வகை உடனுக்குடன் காட்டும், விலையும் குறைவு, ஆனால் நைலான் குழாயை டர்போவுக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் அருகில் விடக்கூடாது. என் முதல் வேலையில் நானே அப்படி விட்டு, குழாய் உருகி, முள் பூஜ்யத்திலேயே கிடக்க, டர்போ போய்விட்டது என்று ஒரு நாள் முழுவதும் பதறியிருக்கிறேன். எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வாலைக் கடக்கும் இடத்தில், துளையின் விளிம்பு குழாயை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையமான குரோமெட் கட்டாயம். மின் கேஜில் கவனிக்க வேண்டியது எர்த்: ஒற்றை ஒயர் சென்சார் தன் மரை வழியாகவே எர்த் எடுப்பதால், அதன்மீது டெஃப்லான் டேப் சுற்றினால் அளவு தவறும்.

கேள்வி: ஐடிலில் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. கேஜ் பழுதா?

பதில்: இல்லை. பெட்ரோல் எஞ்சினைப் போலக் காற்றை அடைத்து வெற்றிடம் உண்டாக்கும் த்ராட்டில் பெரும்பாலான டீசல்களில் இல்லை. சில புதிய எஞ்சின்களில் இருந்தாலும், பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு அது காற்றை அடைப்பதில்லை.

கேள்வி: ஸ்கேனர் 240 கிலோபாஸ்கல் என்கிறது, கேஜ் 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. ஸ்கேனரின் கணக்கில் வளிமண்டல அழுத்தமும் அடக்கம். கடல்மட்டத்தில் அதற்குரிய 101ஐக் கழித்தால் 139 மிஞ்சும், ஒரு பிஎஸ்ஐக்கு 6.9 கிலோபாஸ்கல் என்பதால் அதை 6.9ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20 பிஎஸ்ஐ.

கேள்வி: முழு பாரத்தில் மேடு ஏறும்போது 24 வரை போகும் முள், இப்போது 16ஐத் தாண்டுவதில்லை. கரும்புகையும் வருகிறது. டர்போவை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். டீசல் அதே அளவு போய், காற்று மட்டும் குறைந்தால் கரும்புகைதான் வரும். ஆகவே காற்று வழியில் கசிவைத் தேடுவதே முதல் வேலை. ஏர் ஃபில்டர் அடைப்பையும் கேஜின் சொந்தக் குழாயையும் பார்த்துவிட்டு, டர்போவின் நுழைவாயை மூடி, அழுத்தச் சீராக்கி வழியாக 10 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றை ஏற்றி, ஒவ்வொரு ஹோஸ் முனையிலும் சோப்பு நீரைத் தடவுங்கள். கிளாம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் பெரும்பாலும் குமிழி கிளம்பும். ஹோஸை விரலால் மடக்கிப் பார்த்தால் ரப்பர் வெடித்திருப்பது தெரியும். எங்கும் குமிழி இல்லாவிட்டால் மட்டும் வேஸ்ட்கேட் மூடாமல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். டர்போவைக் கழற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: முள் நடுங்கிக்கொண்டே இருக்கிறது.

பதில்: வால்வுகள் திறந்து மூடும் துடிப்பு அது. குழாயில் நுண்துளைத் தடுப்பான் ஒன்றைப் போடுங்கள், அடங்கிவிடும்.