சொந்தக் காற்றாலை இருந்தால் 'முழுக்கப் பசுமை மின்சாரம்' என்று எழுதலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறோம். உடுமலை பக்கம் சொந்தக் காற்றாலை ஒன்று ஓடுகிறது. ஐரோப்பிய பையர் கார்பன் கணக்குக் கேட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறார். மின்சாரத்துக்கு நேரே '100 சதவீதம் பசுமை' என்று போட்டுவிடலாமா?

அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். காற்றாலை உங்கள் பெயரில் இருப்பது வேறு, அதன் மின்சாரம் உங்கள் கணக்கில் வருவது வேறு. முதலில் மின்வாரியத்தோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். உற்பத்தியை வாரியத்துக்கே விற்கும் ஒப்பந்தம் என்றால், அதை உங்கள் உபயோகமாகக் காட்ட முடியாது. உங்கள் தையல் மெஷின் ஓடுவது சாதாரண கிரிட் (எல்லாருக்கும் பொதுவான மின் தொகுப்பு) மின்சாரத்தில்தான். கேப்டிவ் ஒப்பந்தம், அதாவது சொந்த உபயோகத்துக்கான ஒப்பந்தம் போட்டு, மாதாமாதம் எச்.டி. (உயர் அழுத்த மின்) பில்லில் யூனிட் கழிகிறது என்றால் காட்டலாம். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த யூனிட்டுகளுக்கு ஆர்.இ.சி. எனும் புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ் வாங்கி விற்றிருந்தால் 'பசுமை' என்று சொல்லும் உரிமை கைமாறிவிட்டது. ஒரு சான்றிதழ் என்பது 1,000 யூனிட். விற்றதை மறுபடி நம் கணக்கில் காட்டுவது சரிபார்ப்பில் எளிதாக மாட்டிக்கொள்ளும்.

சரி, கேப்டிவ்தான், சான்றிதழும் விற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். காற்றாலை மீட்டரில் ஓடிய யூனிட்டை எடுக்காதீர்கள். பில்லில் கழிந்த யூனிட்டை எடுங்கள். வழியில் இழப்பு போகும். ஆனி, ஆடியில் கொட்டுகிற காற்று மார்கழியில் இருக்காது. வருடக் கடைசியில் மிஞ்சி வாரியத்துக்கே போன யூனிட்டும் உங்கள் உபயோகம் ஆகாது.

உதாரணத்துக்கு, வருட உபயோகம் 6 லட்சம் யூனிட், கழிந்தது 4 லட்சம். மீதி 2 லட்சத்தை, மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் கிரிட் காரணியால் பெருக்க வேண்டும். அது யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 144 டன் வருகிறது. 'சந்தை அடிப்படை' கட்டத்தில், அதாவது உங்கள் ஒப்பந்தப்படி கணக்கிடும் கட்டத்தில், இதைப் போடுங்கள். பக்கத்திலேயே 'இட அடிப்படை' என்று, கிரிட்டின் சராசரிப்படி கணக்கிடும் இன்னொரு கட்டம் இருக்கும். அதில் காற்றாலையைக் கழிக்காமல் 6 லட்சத்துக்கும் சேர்த்து 432 டன். இரண்டு எண் வருகிறதே என்று பயப்பட வேண்டாம். கார்பன் கணக்குக்கான சர்வதேச விதிமுறையான ஜி.எச்.ஜி. புரோட்டோகால் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியே இரண்டையும் கேட்கிறது. ஜெனரேட்டர் டீசல் இதில் சேராது. லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ வீதம் ஸ்கோப் 1-இல் (நீங்களே எரிக்கும் எரிபொருள் கணக்கில்) தனியாக வரும்.

செபியின் பி.ஆர்.எஸ்.ஆர். எனும் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை 2022-23 முதல் கட்டாயமானது பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்களுக்குத்தான். உங்களை நேரடியாகக் கட்டாது. ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரியிலும் இப்போதைக்கு ஜவுளி இல்லை. யாராவது அதைச் சொல்லிப் பயமுறுத்தி ஆலோசனைக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உண்மையில் பையர் துருவப்போவது தையல் கூடத்தை அல்ல, சாயப்பட்டறையை. பனியன் துணியில் எரிபொருள் பெருமளவு போவது பாய்லரிலும், துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டென்டர் மெஷினிலும்தான். ஜாப்-ஒர்க்காக வெளியே கொடுத்தால் அது உங்கள் ஸ்கோப் 3, அதாவது உங்களுக்காக மற்றவர்கள் செய்யும் வேலையின் கார்பன் கணக்கு. பட்டறைக்காரர் மொத்தக் கணக்கைக் காட்டத் தயங்கினால், ஒரு கிலோ துணிக்கு எத்தனை கிலோ விறகு அல்லது நிலக்கரி, எத்தனை யூனிட் என்ற விகிதத்தை மட்டும் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். தொழில் ரகசியம் வெளியே போகாது என்பதால் பெரும்பாலும் தருவார்கள்.