வெட்டப்பட்ட பெற்றோல் தாங்கியும் வராமல் போன நானாவும்

கேள்வி: நான் பண்டாரவளையில் வசிக்கிறேன். என் தகப்பனார் தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றிய 1951ஆம் ஆண்டு பெட்போர்ட் லொறியைத் திருத்தி ஓட்டி வருகிறேன். பழைய லொறிகளில் பைத்தியமான நாங்கள் நால்வர், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கூடுவோம். கடந்த ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு பரலில் (இரும்புப் பீப்பாயில்) பன்றி இறைச்சியைப் புகையில் வேகவைக்கத் தொடங்கினேன். இந்தச் சித்திரைப் புத்தாண்டுக்கு, சும்மா கிடந்த பழைய பெற்றோல் தாங்கியொன்றை (நானா எப்போதோ தந்தது) காஸ் கட்டரால் வெட்டி, மூடி வைத்துப் புதிய புகையடுப்பு செய்தேன். அன்றிலிருந்து இரண்டு தொல்லைகள். இறைச்சி கசக்கிறது. அத்துடன், பதினாறு வருடப் பழக்கமுள்ள டிங்கர் பாஸ் (வாகனத் தகட்டு வேலை செய்பவர்), நாங்கள் நானா என்றழைக்கும் முஸ்லிம் நண்பர், வருவதை நிறுத்திவிட்டார். அதுவரை தவறாமல் வந்து, பாணும் சம்பலும் சாப்பிட்டுச் சந்தோஷமாகத்தான் போனார். பன்றி இறைச்சிதான் காரணம் என்று மற்ற இருவரும் சொல்கிறார்கள். இந்தப் பழக்கத்தை விட்டுவிடட்டுமா?

பதில்: அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கி வைத்த மூன்று சொற்களில்தான் உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் விடை இருக்கிறது.

பன்றி இறைச்சி காரணமாக இருந்தால், உங்கள் நானா கடந்த ஆண்டு மாசியிலேயே நின்றிருப்பார். ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் பரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தவர், சித்திரையோடு நின்றார் என்றால், சித்திரையில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். மாறியது இறைச்சியல்ல, அடுப்பு. பழைய லொறிக்காரர்களுக்குள் உதிரிப்பாகம் கைமாறுவது என்ன பொருள்படும் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்களுக்கும் தெரியும். உங்கள் லொறி பெரும்பாலும் பெட்போர்டின் ஓ (O) வகையாக இருக்கும். 1939இல் வெளிவந்து, மூன்றரை லீற்றர், ஆறு சிலிண்டர் பெற்றோல் இயந்திரத்தோடு, உருண்டை மூக்குப் பொனட்டோடு 1953 வரை செய்யப்பட்ட வண்டி அது. பெட்போர்ட் லொறிகளைச் செய்த பழைய தொழிற்சாலையே இன்றில்லை என்ற நிலையில், அதற்குப் பொருந்தும் தாங்கி எந்தக் கடையிலும் பெட்டியில் போட்டு வருவதில்லை. அப்படிப்பட்ட ஒன்றை ஒரு டிங்கர் பாஸ் தன் கராஜில் வைத்துக்கொள்ளாமல் உங்களிடம் தந்தார் என்றால், உங்கள் வண்டியின் தாங்கி அடிப்பக்கம் துருவேறி ஒழுகும் நாளொன்று வரும் என்று உங்களுக்கு முன்பே அவர் யோசித்திருக்கிறார். புத்தாண்டு ஞாயிறன்று அவர் வாசலில் நுழைந்தபோது, அது இரண்டாகப் பிளந்து, உள்ளே பன்றித் தொடையோடு புகைந்துகொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் போனது அவருடைய பண்பு. எனக்கு அவ்வளவு பொறுமை வந்திருக்காது.

இனிக் கசப்புக்கு வருகிறேன். நண்பரைச் சமாதானப்படுத்துவதற்கு முன்பே, இன்றைக்கே அந்த அடுப்பை நிறுத்திவிடுங்கள். இலங்கையில் 2002ஆம் ஆண்டு வரை விற்ற பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. அந்தக் காலத்து எரிபொருள் தாங்கிகள் பலவற்றுக்குத் துருப்பிடிக்காதிருக்க ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு கொடுத்திருந்தார்கள். அந்தப் பூச்சும், தகட்டு மூட்டுகளுக்குள் உறைந்துபோன பெற்றோல் பிசினும் சூடேறும்போது, இறைச்சியில் படிவது விறகுப் புகை மட்டுமல்ல. ஈயம் உடலில் சேர்ந்துகொண்டே போகும் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. எத்தனை தரம் சோடா போட்டுக் கழுவினாலும் அது சமையலுக்கு உதவாது. வெட்டும்போது வெடிக்காமல் விட்டதும் உங்கள் நல்ல காலம். பல வருடம் காலியாகக் கிடந்த தாங்கியிலும் பெற்றோல் ஆவி தங்கியிருக்கும்.

கசப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. தாங்கி என்பது எதையும் வெளியே விடக்கூடாதென்று செய்யப்பட்ட பொருள். அதற்குள் காற்றோட்டமின்றித் திணறும் நெருப்பு வெள்ளைப் புகையாகக் கக்கும். அந்தப் புகையின் தார் இறைச்சியின் மேல் கறுப்பாகப் படிந்து, நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் கசக்கும். உணவுப்பொருள் அடைத்து வந்த, நாகப்பூச்சு (துத்தநாகப் பூச்சு) இல்லாத இரும்புப் பரலொன்றைத் தேடி வாங்கி, வெளிப்பெயின்ட் முழுதும் உரியும்வரை வெறும் நெருப்பில் எரித்தெடுத்து, கீழே மூன்று துளையும் மேலே புகைபோக்கியும் வையுங்கள். சிரட்டைக்கரித் தணலைச் சிறிதாக வைத்து, அதன் மேல் ஒரு கை மொத்தமுள்ள காய்ந்த கொய்யாக் கட்டையை ஒவ்வொன்றாகப் போட்டு, புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீல இழையாகப் போகும்வரை காத்திருந்து இறைச்சியை வைக்க வேண்டும். டர்பன்டைன் என்று மலைநாட்டில் சொல்லும் யூகலிப்டஸ் விறகு வேண்டவே வேண்டாம். மலிவாகக் கிடைத்ததென்று ஒருமுறை நான் அதைப் போட்டு, மூன்று கிலோ இறைச்சியும் தலைவலித் தைலம் தடவியதுபோல மணத்து, வீட்டு நாயே முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது. விறகு ஆறு மாதமாவது கூரைக்குக் கீழ் காய்ந்திருக்க வேண்டும். உங்கள் ஊவாப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே வெட்டி அடுக்கிவிடுங்கள்.

பரலுக்குள் 110 முதல் 120 பாகை செல்சியஸ் வரை சூடு நின்றால் போதும். இறைச்சியின் உட்சூடு எழுபதை ஒட்டி வரும்போது, ஈரம் ஆவியாகி இறைச்சியையே குளிரவைப்பதால், வெப்பமானி முள் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். அப்போது பதறி விறகைத் திணிப்பவர்கள்தான் அதிகம். விட்டுவிடுங்கள். அது தானாக ஏறி 90ஐத் தாண்டிய பிறகே தோள்பட்டை இறைச்சி விரலால் பிய்க்கும் பதத்துக்கு வரும்.

பன்றி இறைச்சியை அடியோடு விடத் தேவையில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நானா “சந்தோஷமாகத்தான்” போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருடத்துக்கு மேலாக மூன்று பேர் இறைச்சி சாப்பிட, நான்காமவர் பாணும் சம்பலும் சாப்பிட்டார். அவர் விலகியதற்கு இது காரணமில்லை என்றே நினைக்கிறேன். ஆனாலும் வீட்டுக்காரர் கவனித்திருக்க வேண்டிய விஷயம் அது.

அவருக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள். ஒரு கிழமை நாளில், அவர் கராஜைப் பூட்டும் நேரமாகப் பார்த்துப் போங்கள். உண்ண எதையும் கொண்டுபோக வேண்டாம். வெட்டிய தாங்கியின் இரண்டு பாதிகளையும் கரி போகத் தேய்த்துக் கழுவி எடுத்துச் செல்லுங்கள். வெட்டுவதற்கு முன் மூடியையும், எரிபொருள் அளவு காட்டும் மிதவையையும் கழற்றியிருப்பீர்கள், அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். “நானா, நீங்கள் தந்ததை யோசிக்காமல் வெட்டிவிட்டேன், பிழை என்னுடையது” என்பதற்கு மேல் விளக்கம் சொல்லாதீர்கள். பிறகு, இந்தப் பாதிகளை அளவுக்கு வைத்துப் புதுத் தாங்கி அடிக்க முடியுமா, எத்தனை கேஜ் தகடு வேண்டும், உள்ளே தடுப்புத் தகடு எங்கே வரும் என்று கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லாமல், பாதியொன்றைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வெட்டு கோணலாகப் போயிருக்கிறது என்று குறை சொல்லத் தொடங்கினால், தகட்டின் விலையைக் கேட்டு முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

புதுப் பரலில் முதல் ஞாயிறு கோழியாக இருக்கட்டும். பன்றிக்கு வேறு கம்பிவலையும் வேறு பரலும் வைத்துக்கொள்ளுங்கள். தேய்த்துக் கழுவிய வலை அவருக்குப் போதாது. கோழியை ஹலால் கடையில் அவரையே வாங்கி வரச் சொல்லுங்கள்.