பசி இருக்கிறது, ஆனால் சாப்பிடவில்லை

உங்கள் எட்டு வயது ஆண் முயலிடம் கண்ட மாற்றங்களை ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிறபோக்கில் சேர்த்த ஒரு வரிதான்: புல்லைப் பார்த்ததும் ஆசையாக ஓடி வருகிறது, முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது, புழுக்கையும் சின்னதாகிவிட்டது. இதை வயதின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். நாளைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்குப் பல் மேல்தான் சந்தேகம். முயலுக்கு ஆயுள் முழுக்கப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மி.மீ. வளரும். புல்லை அரைத்து அரைத்துத் தேய்வதால்தான் அது அளவோடு நிற்கிறது. தேய்மானம் கோணலானால் கடைவாய்ப்பல்லின் ஓரம் முள்ளாக நீண்டு நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் குத்தும். பசி எடுக்கும், மென்றால் வலிக்கும். வருவதும் திரும்புவதும் அதனால்தான். "முன்பல் நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறீர்கள். கடைவாயை வீட்டில் பார்க்கவே முடியாது. நீங்கள் பார்க்கக்கூடியது தாடைக்கு அடியில்: அங்கே மயிர் ஈரமாகிப் பிசுபிசுவென்று திரிதிரியாக ஒட்டியிருந்தால் எச்சில் வடிகிறது என்று பொருள். கீழ்த்தாடை எலும்பை விரலால் வருடும்போது முண்டு முண்டாகத் தட்டுப்பட்டால் பல்வேர் வரை கெட்டிருக்கலாம்.

பல்லைவிடப் பெரிய ஆபத்து அதன் பின்னால் இருக்கிறது. முயலின் குடலில் எந்நேரமும் நார்த்தீனி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தீனி குறைந்தால் குடல் மந்தமாகும், வாயு சேரும், வலிக்கும், அந்த வலியால் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. 12 மணி நேரமாக எதுவும் சாப்பிடவில்லை, அல்லது புழுக்கையே போடவில்லை என்றால் அது அவசர நிலை, நள்ளிரவானாலும் கிளம்புங்கள். உடலைக் குறுக்கி ஒரே இடத்தில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தால் அந்த 12 மணி நேரமும் பார்க்க வேண்டாம். தடவிக் கொடுக்கும்போது மெல்லக் கேட்கும் பல் சத்தம் வேறு, அது சுகத்தில் வருவது.

முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது என்று நீங்கள் எழுதியதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். அடர்ந்த மயிருக்குள் இளைப்பு கண்ணுக்குத் தெரியாது. வாரம் ஒருமுறை தராசில் வைத்து எடையை எழுதி வையுங்கள்.

மற்றவற்றுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணில் வெண்மை கண்புரையாக இருக்கலாம். பழகிய இடத்தில் சாமான்களை மாற்றாமல் வைத்தால் அது சமாளித்துக்கொள்ளும். கண் சிவந்தோ நீர் வடிந்தோ இருந்தால் மட்டும் அதையும் உடனே காட்டுங்கள். தாவுவது குறைந்தது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். அதற்கு மருத்துவர் வலி மருந்து தருவார், நீங்கள் தரையில் மெத்தென்று ஏதாவது விரித்து, கழிவுத் தட்டின் விளிம்பைத் தாழ்வாக வையுங்கள். குனிந்து சுத்தம் செய்துகொள்ள முடியாத முயலின் பின்புறத்தைத் தினமும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஈரமும் அழுக்கும் இருந்தால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். முடி உதிர்வது, தோலில் புண்ணோ செதிலோ இல்லாதவரை, பெரும்பாலும் பருவ உதிர்வுதான். எப்போதாவது சிறுநீர் ஒரே சீராகச் செந்நிறமாகப் போவது பெரும்பாலும் நிறமிதான், ரத்தமல்ல. கருப்பை எடுக்காத பெண் முயலாக இருந்தால் இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க மாட்டேன், ஏனென்றால் அவற்றுக்குக் கருப்பைப் புற்று அதிகம்.

வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் சிரப்பைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கவே கூடாது. வாய்வழியாகப் போகும் அந்த மருந்து குடலின் நல்ல கிருமிகளை அழித்து முயலையே கொன்றுவிடும். இணையத்தில் யாரோ பிழைத்ததாக எழுதியிருந்தாலும் சரி, பாட்டிலைத் தூர வையுங்கள். "புற்றுநோய்" என்று இரவெல்லாம் தேடிய நேரத்தில் ஒருமுறை மருத்துவரிடம் முயலின் வாயைத் திறந்து காட்டியிருக்கலாம்.

கேட்கத் தயங்கியதற்கும் பதில் சொல்கிறேன். முடிவு வந்துவிட்டதென்று இந்த அறிகுறிகளை வைத்து யாரும் சொல்ல முடியாது. நன்றாகப் பராமரித்த முயல்கள் பத்து வயதைத் தாண்டியும் வாழ்கின்றன. முள்ளாக நீண்ட பல்லை மயக்க மருந்து கொடுத்துத் தேய்த்துவிட்டால் பல முயல்கள் சில நாட்களிலேயே பழையபடி சாப்பிடும். சில மாதங்களில் திரும்பவும் தேய்க்க வேண்டி வரலாம். மயக்க மருந்துக்கு முன் பட்டினி போடாதீர்கள், அது நாய்க்கும் பூனைக்கும் உள்ள விதி. புழுக்கையில் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்துப் போய், கடைவாயைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.