மரிக்கொழுந்துப் பாசியும் தண்டுவடமும்

கேள்வி: விசைப்படகின் மேல்தட்டிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட என் தம்பி, இரண்டு ஆண்டுகளாக இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் இருக்கிறான். நாங்கள் கடலில் எடுக்கிற பாசியிலிருந்து செய்த பொருளை முதுகில் வைத்தால் நடந்துவிடுவான் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். படகுப் பங்கை விற்று முயலலாமா?
– ஒரு வாசகி, சின்னப்பாலம்.

பதில்: விற்க வேண்டாம், சகோதரி. காணொளியில் வந்தது முழுப் பொய் அன்று என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கையில் அறுபட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளரக்கூடியது. தண்டுவடத்து நரம்பிழைகளுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அடிபட்ட இடத்தில் நீர் நிறைந்த குழி விழுந்துவிடும், அதைச் சுற்றி உருவாகும் தழும்பும் அங்கே சுரக்கும் சில வேதிப்பொருள்களும் வளர முயலும் இழையைத் தடுத்துவிடும். கொடி படரக் கொழுகொம்பு நடுவதுபோல, அந்தக் குழிக்குள் நுண்துளைகள் கொண்ட ஒரு சாரத்தை (தாங்கு சட்டத்தை) வைத்து, இழைகளுக்குப் பற்றுக்கோடு தருவதே ஆய்வாளர்களின் எண்ணம். நீங்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியில் அகரும், கட்டக்கோரைப் பாசியில் ஆல்ஜினேட்டும் இருக்கின்றன; இரண்டும் கூழாக உறையக்கூடிய பொருள்கள். அகரிலிருந்து பிரிக்கும் அகரோஸைக் கொண்டும், உலோக அயனிகள் ஊடுருவும்போது தனக்குள்ளேயே நெடுங்குழல்களை அமைத்துக்கொள்ளும் ஆல்ஜினேட் கூழைக் கொண்டும் எலிகளிடம் சோதனைகள் நடந்திருக்கின்றன. 2019இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தார் 2 மில்லிமீட்டர் அளவுள்ள சாரத்தை 1.6 நொடியில் முப்பரிமாண அச்சில் எடுத்து, நரம்புக் குருத்தணுக்களுடன் எலிகளுக்குப் பொருத்தியபோது, பின்னங்கால்களில் ஓரளவு அசைவு திரும்பியது. அந்தச் சாரத்தில் பாசிப்பொருள் இல்லை.

இத்தகைய சோதனைகளில் எலியின் தண்டுவடத்தைப் பெரும்பாலும் கத்தியால் நேராக வெட்டுகிறார்கள். மனிதருக்கோ அது பெரும்பாலும் நசுங்குகிறது; நசுங்கிய இடத்தின் ஓரத்தில் சில இழைகள் பிழைத்திருக்கக்கூடும் என்பதால், சாரம் வைப்பதற்காக அங்கே கத்தி வைத்தால் இருப்பதும் போய்விடலாம்.

மனிதர்களிடமும் முயன்று பார்த்தார்கள். உடலில் கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் வகைப் பாலிமரால் செய்த சாரம், 2014இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒருவருக்கு வைக்கப்பட்டது. மார்புப் பகுதியில் அடிபட்டுச் சில நாள்களே ஆனவர்களைத்தான் அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்ட அடுத்த ஆய்வு, 2023இல் எதிர்பார்த்த பலனைக் காட்டாமல் முடிந்தது. இரண்டு ஆண்டுப் பழைய காயத்துக்குக் கடையில் வாங்குவதுபோல வாங்கக்கூடிய சாரம் இன்று எதுவும் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால், அந்த ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள்; ஆய்வென்று சொல்லிக்கொண்டே பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கையிலுள்ள பணத்தைச் சக்கர நாற்காலிக்கும் நல்ல மெத்தைக்கும் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் செலவிடலாம். வேலூரில் 1966இல் மறுவாழ்வு மையம் தொடங்கிய மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் தாமே கால்களின் இயக்கத்தை இழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தவர். தம்பியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இரவில் விளக்கடித்துக் குதிகாலையும் இடுப்பெலும்பு மேட்டையும் பாருங்கள். அங்கே தோல் சிவந்திருந்து, விரலால் அழுத்தியும் சிவப்பு மறையாவிட்டால், அது மறையும்வரை அந்தப் பக்கம் எடை படக்கூடாது.