கருந்துளை படிக்க விரும்பும் மகளும் நிர்வாக ஒதுக்கீட்டு இடமும்

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உங்கள் மகள் ஒளிகூடத் தப்ப முடியாத ஈர்ப்பு கொண்ட கருந்துளைகளைப் பற்றித்தான் படிப்பேன் என்கிறாள். அவளுடைய தாய்மாமாவோ நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் பேசி வைத்துவிட்டு, முன்பணம் கட்டச் சொல்லி நெருக்குகிறார். உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். வீட்டை அடமானம் வைத்து வாங்கும் இடம், விருப்பமில்லாத படிப்பில் நான்கு ஆண்டுகளையும் கடன் தவணையில் அதைவிட அதிக ஆண்டுகளையும் விழுங்கிவிடும். அந்தத் தவணையை மாமா கட்டப்போவதில்லை.

கருந்துளை வெறும் கற்பனை என்று அவர் சொல்வதும் சரியல்ல. இரு கருந்துளைகள் ஒன்றிணைந்தபோது எழுந்த ஈர்ப்பலைகளை, அதாவது வெளியிலும் காலத்திலும் பரவும் அதிர்வுகளை, 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் பதிவு செய்தன. அத்தகைய கருவியொன்றை மகாராஷ்டிரத்தின் இங்கோலி மாவட்டத்தில் சுமார் 2,600 கோடி ரூபாயில் அமைக்க 2023இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

மகளிடமும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். அண்டத்தின் இரு இடங்களை இணைக்கும் குறுக்குவழி என்று சொல்லப்படும் புழுத்துளை, கருந்துளையைப் போல் இருப்பது உறுதியான ஒன்றல்ல. இயற்பியலாளர்கள் ஐன்ஸ்டைனும் ரோசனும் 1935இல் ஈர்ப்புச் சமன்பாடுகளிலிருந்து பெற்ற இத்தகைய பாலம், ஒளிகூடக் கடந்து செல்வதற்குள் மூடிக்கொள்ளும். கடக்கக்கூடிய புழுத்துளை வேண்டுமானால் அதைத் திறந்து வைக்க எதிர்மறை ஆற்றல் அடர்த்தி (சுழியத்துக்கும் கீழான ஆற்றல்) கொண்ட பொருள் தேவை என்று இயற்பியலாளர்கள் மாரிசும் தோர்னும் 1988இல் காட்டினார்கள். அப்படிப்பட்ட பொருளைத் தேவையான அளவில் எவரும் கண்டதில்லை. காணொளி பார்த்து வியப்பது வேறு, அது ஏன் மூடிக்கொள்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் துடிப்பது வேறு. அவளுடைய கணக்கு நோட்டைப் புரட்டுங்கள். தேர்வில் கேட்காத கணக்குகளையும் அவள் போட்டுப் பார்த்திருந்தால், அவள் நாட்டத்தில் எவரும் குறுக்கிடக் கூடாது.

ஜேஇஇ நுழைவுத் தேர்வு, ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்கள் ஆகிய வழிகளை யாரும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்வது, உறவினர்கள் ஏளனமாகப் பார்க்கும் அரசு கலைக் கல்லூரியின் பி.எஸ்சி. இயற்பியல். அங்கே கற்பிப்புக் கட்டணம் இல்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். (எரிந்து அடங்கிய வெண்குறு விண்மீன்களின் நிறை வரம்பை 1930இல் கணித்த இயற்பியலாளர் சந்திரசேகரும் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர்தாம், அது வேறு காலம் என்பதையும் மறுக்கவில்லை.) வகுப்பில் போதாததை, சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் விரிவுரைகளை என்பிடெல் என்ற பாட இணையதளத்தில் இலவசமாகக் கேட்டு ஈடுசெய்யலாம். மூன்றாம் ஆண்டில், இயற்பியல் ஆய்வுப் படிப்புகளுக்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், வெப்ப இயக்கவியல், கணித முறைகள் ஆகியவை அதன் அடித்தளம். அதில் நல்ல மதிப்பெண் பெற்று நேர்முகத்திலும் தேறினால், தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் முதுநிலையையும் முனைவர் பட்டத்தையும் இணைத்துக் கோட்பாட்டு இயற்பியல் படிக்கலாம். மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு.

பாதை நீண்டது. பி.எஸ்சி.க்குப் பின் ஆறேழு ஆண்டுகள் ஆகும், அதற்குப் பிறகும் நிரந்தரப் பணியிடம் உறுதியில்லை. ஜெஸ்ட் கைகூடாவிட்டால் எம்.எஸ்சி., பி.எட். என்று திரும்பலாம், அப்போதும் வீட்டுப் பத்திரம் உங்கள் கையில்தான் இருக்கும்.