மலிவு வைனும் இரவு மாத்திரையும்

கேள்வி: ஸ்பெயினில் சரகோசா நகரில் வேலை பார்க்கிறேன். வயது 43. மனைவி இந்த ஊர்க்காரர். இரவு வீட்டில் சமைத்துச் சாப்பிடும்போது, நாலைந்து யூரோ விலையுள்ள, கர்னாச்சா என்ற திராட்சையில் செய்த உள்ளூர் சிவப்பு வைன் ஒரு பாட்டிலை இருவருமாக முடித்துவிடுவோம். மறுநாள் தலை வலிப்பதால், இரண்டு மாதமாகச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு இபுப்ரோஃபென் 600 போட்டுக்கொள்கிறேன். மனைவியின் முதுகுவலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது. வைன் குடித்தால் நாக்கு ஊதாவாகிறது, பாட்டிலின் அடியில் மண்டி தங்குகிறது, லேபிளில் சல்ஃபைட் என்ற கெடாமல் காக்கும் பொருள் உள்ளது என்று போட்டிருக்கிறது. இவ்வளவு மலிவான வைனில் மெத்தனால் கலந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஒரு வாரமாக வயிறு எரிகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. வைனின் நிறம்தானே? இணையத்தில் படித்துவிட்டு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் போடுகிறேன்.

பதில்: இதைப் படித்ததும் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். தலைசுற்றலோ படபடப்போ இருந்தால், காபித்தூள் போல வாந்தி வந்தால், நீங்களாக வண்டி ஓட்டாமல் 112-ஐ அழையுங்கள்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கறுப்பு மலம்தான் என் கவலை. சிவப்பு வைன் மலத்தைக் கொஞ்சம் கருக்கச் செய்யலாம், இரும்புச்சத்து மாத்திரையும் செய்யும். ஆனால் இரைப்பையில் கசிந்த ரத்தம் குடல் வழியாக வரும்போது அது வேறு மாதிரி இருக்கும். புதிதாகப் போட்ட ரோட்டுத் தார் போல மினுமினுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டும். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாது. நாற்றம் ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. உங்களுடையது அப்படி இல்லையென்று தோன்றினாலும் போய்க் காட்டுங்கள். வயிற்றெரிச்சல், இரண்டு மாத இபுப்ரோஃபென், தினமும் மது மூன்றும் சேர்ந்திருக்கும்போது வீட்டிலிருந்தே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

இரைப்பைச் சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சளிப்படலத்தை உடல் ஊற வைப்பதற்குச் சில பொருட்கள் தேவை. இபுப்ரோஃபென் அவற்றின் உற்பத்தியைத்தான் அடக்குகிறது. காவல் குறைந்த வயிற்றில், அதுவும் சாப்பாட்டுக்கு முன்பு மாத்திரை, பின்னாலேயே வைன். புண் வருவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஓமெப்ரசோல் நல்ல மருந்துதான். ஆனால் அது எரிச்சலை அடக்கிவிட்டால் ‘சரியாகிவிட்டது’ என்று நீங்கள் நம்புவீர்கள். ரத்தம் கசிந்துகொண்டே இருக்கலாம். இப்படித்தான் என்னிடம் ஒருவர் மூட்டுவலி மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வந்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத்தாள். ஹீமோகுளோபின் 7, இருக்க வேண்டியதில் பாதிதான். அவரும் மூன்று வாரம் கறுப்பு மலத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர்தான். அடுத்தவருக்கு எழுதிய மாத்திரையை எடுத்து விழுங்குவது எனக்குக் கோபம் வரவழைக்கிற பழக்கம். உங்களிடமும் மறைக்கப் போவதில்லை.

அங்கே மருத்துவரிடம் மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை நாள், எவ்வளவு வைன் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை செய்வார்கள், குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்க்கும் எண்டோஸ்கோபி தேவைப்படலாம். ஹெலிகோபேக்டர் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊரில் வளர்ந்தவர்களிடம் அது சகஜம், புண்ணுக்கு அதுவும் காரணமாகலாம்.

சரி, மெத்தனால். கள்ளச்சாராயச் சாவுகளைக் கேட்டே வளர்ந்த நமக்கு ‘மலிவு’ என்றாலே விஷம் என்று தோன்றுவது இயல்பு. 2024-ல் கள்ளக்குறிச்சியில் நடந்தது இன்னும் நெஞ்சில் இருக்கிறது. ஆனால் உங்கள் வைன் மலிவாக இருப்பதற்குக் காரணம் வேறு. உலகிலேயே அதிகப் பரப்பில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் நாடு ஸ்பெயின். அங்கே வைனுக்குக் கலால் வரியும் கிடையாது. நீங்கள் இருக்கும் ஊரைச் சுற்றியே கரிஞேனா, காம்போ தெ போர்ஹா என்று கர்னாச்சா விளையும் வட்டாரங்கள். கடையில் முத்திரையோடு வாங்கும் பாட்டிலில் மெத்தனாலைத் தேட வேண்டாம். மண்டி என்பது திராட்சையின் உப்பும் சாயமும். நாக்கின் ஊதாவும் அதே சாயம்தான். சல்ஃபைட் ஆஸ்துமா உள்ள சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். உங்களுக்கு ஆஸ்துமா இல்லையென்றால் விடுங்கள். ஐரோப்பிய விதிப்படி சிவப்பைவிட வெள்ளை வைனுக்குத்தான் கூடுதல் சல்ஃபைட் அனுமதி.

தலைவலிக்கு முதல் காரணம் அளவு. கர்னாச்சா வெயிலில் நன்றாகப் பழுத்துச் சர்க்கரை ஏறும் திராட்சை; 14.5 சதவீதம் சாதாரணம். அந்தக் கணக்கில் ஒரு பாட்டிலில் சுமார் 85 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. பாதி உங்களுக்கென்றால் 43 கிராம். ஸ்பெயின் சுகாதார அமைச்சகம் ஆபத்து குறைவு என்று வைத்திருக்கும் வரம்பு ஆணுக்கு நாளுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 10. உங்கள் மனைவி நான்கு மடங்கு தாண்டுகிறார். அவரையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு வைனும் இபுப்ரோஃபெனும் இரண்டுமே வேண்டாம். புண் இருந்தால் அது ஆறிவிட்டது என்று உங்கள் மருத்துவர் சொன்ன பிறகு, 150 மில்லிக்கு மிகாமல் ஒரு கிளாஸ், அதுவும் தினமும் இல்லாமல், சாப்பாட்டோடு, பக்கத்தில் தண்ணீரோடு. மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். தலைவலி அப்போதும் வந்தால் அன்றைய கிளாஸை விட்டுவிடுங்கள், முன்கூட்டியே மாத்திரை போடாதீர்கள். பாராசிட்டமாலுக்கு மாறிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள், மதுவோடு அதை வழக்கமாக்கினால் கல்லீரலுக்கு ஆபத்து.

பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.