அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே பெயர்: கயஸ் மார்செல்லஸ் ஒருவரா, இருவரா?

கேள்வி: ரோமக் குடியரசின் கடைசிக் காலம் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். கி.மு. 50, 49 இரண்டு ஆண்டுகளிலும் கான்சல் (ஓராண்டுக்கு வகிக்கும் ரோமின் தலைமைப் பதவி) பெயர் கயஸ் கிளாடியஸ் மார்செல்லஸ் என்றே இருக்கிறது. ஒரே ஆள் தொடர்ந்து பதவி வகித்தாரா?

பதில்: இல்லை, இருவர். ஒருமுறை கான்சலாக இருந்தவர் மறுபடி அந்தப் பதவிக்கு வரப் பத்தாண்டு இடைவெளி வேண்டும் என்பது சர்வாதிகாரி சுல்லா காலத்து விதி. படைத்தலைவர் பாம்பி போன்றவர்களுக்காக அதை வளைத்தார்கள். மார்செல்லஸ் வீட்டில் அதற்குத் தேவையே இல்லை, ஆள் வரிசையில் நின்றது. 51-இல் மார்க்கஸ், 50-இல் ஒரு கயஸ், 49-இல் இன்னொரு கயஸ். இவர்களில் 51, 49 ஆண்டுக்காரர்கள் உடன்பிறந்தவர்கள். நடுவில் வருபவர் அவர்களுடைய தந்தையின் சகோதரர் மகன்.

மேல்குடி ரோமர்கள் ஆண்பிள்ளைக்குச் சூட்டிய முதற்பெயர்கள் மிகச் சில. எனவே கான்சல் பட்டியலில் முதற்பெயரோடு நிற்காதீர்கள். குடிப்பெயரான கிளாடியஸுக்கும் கிளைப்பெயரான மார்செல்லஸுக்கும் நடுவே சில தனியெழுத்துகள் இருக்கும். 50-இன் கயஸுக்கு ‘சி. எஃப். எம். என்.’: கயஸின் மகன், மார்க்கஸின் பேரன். 49-இன் கயஸுக்கு ‘எம். எஃப். எம். என்.’: மார்க்கஸின் மகன், மார்க்கஸின் பேரன். தாத்தா ஒருவரே, தந்தையர்தான் வேறு. (கயஸுக்கு ‘ஜி’ இல்லாமல் ‘சி’ எதற்கு என்று திகைக்க வேண்டாம். ‘ஜி’ எழுத்து பிறப்பதற்கு முந்தைய வழக்கம் அது.)

கட்டுரையில் இடறுகிற இடம் ஒன்று உண்டு. 50-ஆம் ஆண்டின் இறுதியில் பாம்பியின் கையில் வாளைக் கொடுத்துச் சீசருக்கு எதிராக நாட்டைக் காக்கச் சொன்னவர் நடுவிலுள்ள கயஸ். சீசருக்கும் பாம்பிக்கும் போர் மூண்டதும் அவர் இத்தாலியிலேயே தங்கிவிட்டார். பாம்பியோடு கடல் கடந்து போனவர் மற்ற கயஸ். 46-இல் நாடு கடந்து வாழ்ந்த மார்க்கஸுக்காகச் சீசரின் காலில் விழுந்தவரும் நடுவிலுள்ளவரே. அவரை மார்க்கஸின் தம்பி என்று எழுதிவிடாதீர்கள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கான்சல் ஆண்டைக் குறித்து வையுங்கள். ரோமில் இன்றும் நிற்கும் மார்செல்லஸ் அரங்கம் மட்டும் இந்த மூவரில் யாருடையதும் அல்ல. அது நடுவிலுள்ள கயஸுக்கும் பேரரசர் அகஸ்டஸின் சகோதரி ஆக்டேவியாவுக்கும் பிறந்து, கி.மு. 23-இல் இளவயதில் இறந்த மகனின் பெயரில் எழுந்தது. அவரும் ஒரு மார்க்கஸ் கிளாடியஸ் மார்செல்லஸ்தான்.